சிக்ரூன் சொன்ன பெயர்

எங்கள் குடாவில் வைக்கோலுக்குப் பஞ்சம் வரும், மீனுக்குப் பஞ்சம் வரும், பெயருக்கு மட்டும் வராது. மழைக்கு ஒழுகுகிற புல்கூரை வீட்டுக்கு ஆஸ்கார்த் என்று பெயர். தேவர்கள் குடியிருக்கும் கோட்டையின் பெயர் அது. எங்கள் ஆஸ்கார்த்தில் குடியிருந்தது ஸ்டார்காத்தும், அவருடைய இரண்டு பெண்களும், ஒரு மாடும், கொஞ்சம் ஆடுகளும்தான். மாட்டுக்கு ஔதும்லா என்று பெயர். உலகம் உண்டாவதற்கு முன்னால் உப்புப் பனியை நக்கி நக்கி முதல் ஆளை வெளியே எடுத்த பசுவாம் ஔதும்லா. ஸ்டார்காத்தின் மாடு நக்கியதெல்லாம் தொழுவத்துச் சுவரைத்தான். நாய்க்குக் கார்ம் என்று பெயர். உலகம் அழிகிற அன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு வரப்போகிற நாய் அது. இந்தக் கார்ம் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஏசுவைக் கும்பிட்டோம். அந்தப் பழைய சாமிகளின் பெயர்களை ஆடுமாட்டுக்கும் படகுக்கும் பாறைக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துக்கொண்டோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பாதிரியாரின் குதிரைக்கே, பழைய சாமிகளுக்குத் தலைவனான ஓதினுடைய எட்டுக்கால் குதிரையின் பெயர்தான். இருந்த நாலு காலில் ஒன்று நொண்டி.

ஸ்டார்காத்துக்குப் பழைய பாட்டென்றால் உயிர். குளிர்காலம் முழுக்க, வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து கம்பளி சிக்கெடுக்கும்போது, அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டாகவே கதை சொல்வார். அவருக்கு ரொம்பப் பிடித்தது ஹெல்கி என்ற வீரனின் கதை. மூத்த பெண்ணுக்குச் சிக்ரூன் என்றும் இளையவளுக்கு ஸ்வாவா என்றும் பெயர் வைத்தது அதிலிருந்துதான். கதையில் சிக்ரூன் ஆகாயத்தில் குதிரை ஓட்டி வந்து ஹெல்கியைத் தேடிப் பிடித்தவள். அவன் செத்து மண்மேட்டுக்குள் போன பிறகும், அவள் அழுகிறாள் என்று அவளுக்காக ஒரு ராத்திரி எழுந்து வந்தான். ஸ்வாவா அதற்கு முந்தின ஜென்மத்துக் கதை. அப்போதும் அவன் ஹெல்கிதான். ஸ்வாவா அவன் பெண்டாட்டி. இருவரும் செத்து மறுபடி பிறந்தபோது ஸ்வாவாதான் சிக்ரூனாகப் பிறந்தாள். ஆகக் கதையில் இரண்டு பெயருக்கும் ஒரே பெண்.

ஆஸ்கார்த்தில் இரண்டு பெண்கள். சிக்ரூன் எலும்பு பெருத்தவள், கை அகலம், அரிவாள் பிடித்தால் ஆண்களுக்கு முன்னால் வயல் கடைசிக்குப் போய் நிற்பாள். பேச்சு குறைவு. சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு தாமதித்துச் சிரிப்பாள். ஸ்வாவா ஊசி மாதிரி மெலிந்தவள், அவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வரும். தாய் ஸ்வாவாவைப் பெற்றதோடு போய்விட்டாள். தங்கையை இடுப்பில் வைத்து வளர்த்தது சிக்ரூன்தான். இவள் பல்லால் மென்று மசித்துக் கொடுத்த காய்ந்த மீனைத் தின்றுதான் அவள் வளர்ந்தாள். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சிக்ரூனுக்கு நல்ல வயது வந்தபோது, வடக்குக் குடாவிலிருந்து ஒருவன் ஸ்டார்காத்தின் படகில் துடுப்புப் போட வந்தான். பெயர் ஹெல்கி. பெயரைக் கேட்டதும் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே கல்யாணம் முடிவாகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அவன் நல்லவனா, புல் அறுப்பானா, குடிப்பானா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. ஸ்டார்காத்தின் வீட்டுக்கு ஹெல்கி வந்துவிட்டான், ஸ்டார்காத்தின் வீட்டில் சிக்ரூன் இருக்கிறாள், வேறென்ன விசாரணை? எங்கள் ஆட்கள் செய்கிற தப்பு இது. வேறு ஊரில் பெண் கொடுக்கும்போது வேறு எதையாவது பார்ப்பார்கள்.

அவனும் ஆள் லட்சணமாக இருந்தான். குரல் நன்றாக இருக்கும். துடுப்பில் கெட்டிக்காரன், புல் அறுப்பில் சோம்பேறி. சிக்ரூன் ஊரார் எல்லோரையும்விட அதிகமாக அந்தப் பெயரை நம்பினாள். கம்பளி நூற்கும்போது, அப்பா பாட்டில் ஹெல்கி என்று வருகிற இடத்தில் அவளுக்குக் காது சிவக்கும். ஸ்வாவா அதைப் பார்த்துக் கேலி செய்வாள்.

"போன ஜென்மத்துல அவன் என் புருஷன், அக்கா. பாவம் போனாப் போகுதுன்னு உனக்கு விட்டுக் கொடுத்திருக்கேன். ஒழுங்கா வச்சுக்கோ."

அறையே சிரித்தது. ஒரு மூச்சு தாமதித்துச் சிக்ரூனும் சிரித்தாள், கடைசியாக நிறுத்தியதும் அவள்தான்.

கல்யாணம் ஆகி ஹெல்கி ஆஸ்கார்த்திலேயே தங்கிவிட்டான். ஸ்வாவாவை ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டாருக்குக் கொடுத்தார்கள். ஓட்டாரின் வீட்டுக்கு நோவாதூன் என்று பெயர், கடல் தேவனின் கப்பல் துறையாம். ஓட்டாரிடம் கப்பல் என்ன, ஒரு தோணிகூடக் கிடையாது. கடலைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும். ஆட்டுக்காரன். மலையில் ஆட்டோடு போனால் நாள் கணக்கில் வீட்டுக்கு வரமாட்டான். வாய் திறந்து பேசுவது ஆட்டிடம் மட்டும்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

வருஷங்கள் போயின. அக்காவுக்கும் பிள்ளை இல்லை, தங்கைக்கும் இல்லை. சிக்ரூனுக்கு அது வருத்தம்தான். ஆனாலும் ஹெல்கி கடலிலிருந்து வந்து, மீன் எண்ணெய் பூசிய தோல் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் காப்பிக்கு உட்காரும்போது, இதற்கு மேல் கேட்டால் பேராசை என்று நினைத்துக்கொள்வாள்.

ஸ்டார்காத்தின் படகுக்கு ஸ்கீத்பிளாத்னிர் என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் படகு கரைக்கு வந்துவிடும் என்று பக்கத்துப் படகுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். தேவர்களின் கப்பல் அது. பாயை விரித்தால் போதும், எந்தத் திசைக்கும் நல்ல காற்று கிடைக்கும். ஓர் இலையுதிர் காலத்தில் எங்கள் ஸ்கீத்பிளாத்னிருக்குக் கிடைத்த காற்று அதைக் குடாவின் வாயிலுள்ள பாறையில் கொண்டுபோய் அடித்தது. கூட இருந்தவர்களைப் பக்கத்துப் படகு தூக்கிவிட்டது. ஹெல்கியை மட்டும் ரான் வைத்துக்கொண்டாள். ரான் என்பவள் கடலடியில் வலையோடு உட்கார்ந்திருக்கிறவள். கடலில் இருக்கும்போது அவள் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். கரையிலிருந்து சொல்வதால் இப்போது பரவாயில்லை. உடல் கிடைக்கவில்லை. சிக்ரூனுக்கு உட்கார்ந்து அழ ஒரு மண்மேடுகூட இல்லை.

செத்தவர்கள் வருவார்கள். பெயர் கேட்டு வருவார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வயிற்றில் பிள்ளையோடிருக்கிற பெண்ணின் கனவில், வாசலில் வந்து நின்று, இங்கே தங்க இடம் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று சொன்னால் பிள்ளைக்கு அவர்கள் பெயரை வைக்கவேண்டும். வைத்தால் செத்தவரின் அதிர்ஷ்டம் பிள்ளைக்கு வரும். கேட்டும் வைக்காவிட்டால் பிள்ளை தங்காது. கனவை மருத்துவச்சியிடம் முழுசாகச் சொல்லவேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினால் பிள்ளைக்கு உதட்டிலோ காதிலோ குறை வரும். சிக்ரூனுக்கு வயிற்றில் பிள்ளை இல்லை. அவன் வர நினைத்தாலும் அவளிடம் வர வழியில்லை. அவன் பெயர் அவளோடு முடிந்துபோகும் என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க அவளை அரித்தது. அவனைத் தந்தது அந்தப் பெயர். அது உலகத்தில் யார் வாயிலாவது உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் ஸ்வாவா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. கொஞ்ச நாளில் மருத்துவச்சி தோர்கத்லா ஆஸ்கார்த்துக்கு வந்தாள், காய்ந்த மீன் மாதிரி இறுகிய முகம் அவளுக்கு. ஸ்வாவாவின் கனவில் ஹெல்கி வந்தானாம், ஆனால் அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாளாம், நீ வந்து கொஞ்சம் சொல்லு என்றாள்.

சிக்ரூன் அழுதாள். சந்தோஷத்தில்தான். என்னிடம் வர முடியாததால் என் தங்கையிடம் போயிருக்கிறான், புத்திசாலி, என்றாள். அன்றே ஹெல்கியின் நல்ல கம்பளிச் சட்டையைப் பிரித்து, குழந்தைக்குச் சட்டை பின்னத் தொடங்கிவிட்டாள். ஞானத்தாயாக நானே நிற்பேன், கோயிலில் பெயரை என் வாயால் சொல்வேன் என்று தோர்கத்லாவிடம் வாக்குக் கொடுத்தாள். பிறகு பனியில் ஓடையைத் தாண்டி, மருத்துவச்சிக்கு முன்னால் போய் நோவாதூன் வாசலில் நின்றாள்.

ஸ்வாவா கட்டிலில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். ஓட்டார் ஆட்டுக் கொட்டகையில் இருந்தான். காப்பி வந்தது. சிக்ரூன் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, சொல்லு என்றாள்.

"சொல்லிட்டேனே அக்கா. வந்தான். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா எப்படி? நனைஞ்சிருந்தானா?"

"நனைஞ்சிருந்தான்."

"வாசல்ல நின்னு என்ன கேட்டான்? அவன் கேட்ட வார்த்தை எனக்கு வேணும் ஸ்வாவா. அதையாவது நான் வச்சுக்கறேன்."

ஸ்வாவா பின்னல் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சீக்கு பிடித்த ஆட்டை அதட்டுவதுபோல் தோர்கத்லா அதட்டினாள். "பாதிக் கனவு சொன்னா பாதிப் பிள்ளைதான் பொறக்கும். அக்காகிட்ட என்னடி வெக்கம்? கக்கிடு."

பிள்ளை என்றதும் ஸ்வாவாவின் கை வயிற்றுக்குப் போனது. கேளுங்கள், அவள் பொய் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றான், இடம் கேட்டான், கொடுத்தேன் என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். பிள்ளைக்குக் குறை வந்துவிடுமோ என்ற பயம் அவளைச் சொல்லவைத்தது.

"ஒண்ணும் கேக்கல," என்றாள். "நேரா உள்ள வந்தான். சரக்கறைக் கதவுக்குப் பின்னால ஒரு ஆட்டுக்கொம்பு அடிச்சிருக்குல்ல, இருட்டுல தடவிக்கூடப் பாக்கல, தோல் சட்டையைக் கழட்டி அதுல மாட்டினான். வந்து சுவரோரமாப் படுத்தான். கால் சில்லுனு இருந்துச்சு. ‘தள்ளிப் படு’ன்னான்."

தோர்கத்லா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எத்தனையோ கனவு கேட்டவள் அவள். தாத்தாக்கள் வந்து கேட்டிருக்கிறார்கள், செத்த குழந்தைகள் வந்து கேட்டிருக்கிறார்கள், ஊர் பேர் தெரியாத மாலுமிகள்கூட வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் உள்ளே வந்தவன் ஒருத்தனும் இல்லை. சொந்தப் பிள்ளையிடம் வருகிறவன் யாரிடம் கேட்பான்?

சிக்ரூனின் வாயில் சர்க்கரை கரைந்து தொண்டையில் இறங்கியது. நோவாதூனுக்கு ஹெல்கி வந்ததெல்லாம் கிறிஸ்துமஸ் அன்று, அவளோடு. சட்டையை நடையில் கழற்றிப் போட்டுவிட்டு, வெளி அறையில் உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் போவான். அவளுக்குத் தெரிந்தவரை.

"அப்படி ஒரு கொம்பு இருக்கறது எனக்கே தெரியாதே, ஸ்வாவா," என்றாள்.

"கனவுதானே அக்கா."

"ஆமா. உன் கனவு."

எழுந்து போய்ச் சரக்கறைக் கதவைத் திறந்து பார்த்தாள். கொம்பு இருந்தது. அதைத் தொட்டு விரலை முகர்ந்தாள், பழைய மீன் எண்ணெய் வாடை. ஆட்டுக்காரன் வீட்டில் மீன் எண்ணெய் பூசிய சட்டையை எவன் போடுகிறான்? கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் அவள் அழவில்லை. பின்னிய சட்டையையும் பிரிக்கவில்லை. கம்பளி என்ன செய்தது?

அதன் பிறகு அவள் நோவாதூன் பக்கமே போகவில்லை. பனி உருகி ஓடை பெருகியபோது ஸ்வாவாவே வந்தாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பாவாடை நனைய. சிக்ரூன் தொழுவத்தில் ஔதும்லாவிடம் பால் கறந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்வாவா நிறையப் பேசினாள். தான் ஆரம்பிக்கவில்லை என்றாள், பிறகு, இல்லை, ஆரம்பித்ததும் நான்தான் என்றாள். விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி விளையாட்டே நிஜம் மாதிரி ஆகிவிட்டது என்றாள். வீட்டில் புருஷனின் பேச்சு சத்தமே இல்லை, ஹெல்கி வந்தால் வீடு பாடும் என்றாள். கடைசியில் வந்த காரியத்துக்கு வந்தாள்.

"என்னை அடி. மயிரைப் பிடிச்சு இழு. பேரை மட்டும் குடு அக்கா. அவன் பேரை வைக்கலேன்னா பிள்ளை தங்காது. பேர் கேட்டு வந்தவனுக்கு இல்லேன்னு சொல்லக் கூடாது."

"அவன்தான் கேக்கவே இல்லையே," என்றாள் சிக்ரூன்.

ஸ்வாவா மாட்டின் முதுகில் நெற்றியை வைத்து அழுதாள். சிறுபிள்ளையில் அடி வாங்கினால் அவள் அப்படித்தான் அழுவாள், மாட்டிடம் போய். சிக்ரூனுக்குக் கை எழுந்தது, தலையைத் தடவத்தான். தடவவில்லை.

"ஞானத்தாயா நிக்கறேன்னு சொல்லியிருக்கேன். நிப்பேன். பேரைக் கோயில்ல சொல்றேன். போ, ஓடையில தண்ணி ஏறுது."

ஸ்வாவா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவளை வளர்த்தவள் அல்லவா, இல்லை என்று எப்படிச் சொல்வாள் என்று நினைத்திருப்பாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆண் பிள்ளை, உதடும் காதும் சரியாக இருந்தன. புல் அறுப்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். குடாவிலிருந்த எல்லா வீட்டாரும் வந்திருந்தார்கள். செத்துப்போன ஹெல்கியின் பெயரை அவன் பெண்டாட்டியே சொல்லப்போகிறாள் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? கோயில் ஆட்டுப்பட்டி அளவுதான். கதவு திறந்தே இருந்தது, வெளியேயும் ஆட்கள் நின்றார்கள்.

குழந்தை சிக்ரூனின் கையில் இருந்தது, ஹெல்கியின் கம்பளியில் அவள் பின்னிய சட்டையைப் போட்டுக்கொண்டு. பாதிரியார் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார்.

"டாகர்," என்றாள் சிக்ரூன். பின்வரிசைக்கும் கேட்கும்படி.

நல்ல பெயர்தான். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆனால் சிக்ரூன் என்கிறவளின் வாயிலிருந்து வந்தால் அது வேறு. ஹெல்கி கதையில் டாகர் சிக்ரூனின் கூடப்பிறந்தவன். ஹெல்கிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு, ஓதினிடம் ஈட்டி வாங்கி வந்து அவனைக் குத்திக் கொன்றவன். அந்தச் செய்தியைத் தன் வாயாலேயே வந்து சிக்ரூனிடம் சொன்னவன். கூடப்பிறந்த துரோகி என்றால் எங்களுக்கு டாகர்தான். பிள்ளையைப் பார்த்து அவள் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த அதன் தாயைப் பார்த்துச் சொன்னாள். பிள்ளை என்ன பாவம் செய்தது என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. ஒரு பாவமும் செய்யவில்லை. சிக்ரூன் மட்டும் என்ன பாவம் செய்தாள்?

ஸ்வாவாவின் முகம் மோர் மாதிரி வெளுத்துப்போனது. சிக்ரூன் அதை எதிர்பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கோயிலைப் பார்த்தாள். இப்போது குசுகுசுவென்று சத்தம் கிளம்பும், தலைகள் திரும்பும், எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரியட்டும் என்று பார்த்தாள். சத்தமே கிளம்பவில்லை. மீன் காயப்போடுகிற பெண்கள் தங்கள் தோல் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள், அது ஒழுகவே இல்லை. ஸ்டார்காத் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்றைக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இங்கே யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பாதிரியார் தண்ணீரை ஊற்றினார். டாகர் வீறிட்டு அழுதது.

வெளியே கல்லறைச் சுவரோரம் ஓட்டார் பிள்ளையை வாங்கிக்கொள்ள வந்தான். இவனைப் பற்றித்தான் சிக்ரூனுக்கு உள்ளூர உறுத்தல் இருந்தது. தான் சொன்னதில் இந்த வாயில்லாத மனிதனுக்கும் அடி விழுந்திருக்கும் என்று. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"எனக்குத் தெரியும் சிக்ரூன்," என்றான் அவன்.

"என்ன தெரியும்?"

"அந்தக் கொம்பை அடிச்சதே நான்தான். மலையிலேருந்து வரும்போதெல்லாம் அவன் சட்டை மாவு மூட்டை மேல கெடந்து வீடே நாறுச்சு."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. தனக்குப் பிள்ளை வேண்டும், வேறு வழியில் வராது என்று தெரியும், சண்டை போட்டால் ஸ்வாவா போய்விடுவாள், அதனால் இருந்துவிட்டேன் என்றான். ஆட்டைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஓட்டார்."

"நீ சந்தோஷமா இருந்த. உன் மூஞ்சியைப் பார்த்து யாருக்கு வாய் வரும்? ஊர்லயும் அதான் சொன்னாங்க."

ஊர்லயும். பிள்ளையைக் கொடுத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். அவளும் ஹெல்கியும் சேர்ந்து கரையில் நடந்தபோதெல்லாம், சிக்ரூனும் ஹெல்கியும் வர்றாங்க பாரு, கதை மாதிரியே இருக்கு என்று சொன்ன அத்தனை வாய்களும் நினைவுக்கு வந்தன. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவள் அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தாள்.

அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மகள் கூட்டத்துக்கு நடுவில் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்ற வருத்தம் அவருக்கு. தணிந்த குரலில், சமாதானம் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"கோவப்படாதம்மா. ஹெல்கிக்கு ஸ்வாவாவும் உண்டுதானே. பழசுலயே அப்படித்தான் இருக்கு."

"கதையில ரெண்டு பேரும் ஒருத்திப்பா," என்றாள் சிக்ரூன். "இங்க நாங்க ரெண்டு பேர் இருந்தோம்."

அவர் கைத்தடியைத் திருப்பி ஊன்றிக்கொண்டு நடந்தார். பாட்டில் அதற்குப் பதில் இல்லை.

சொந்தக்காரர்களிடம் கோபமென்றாலும் புல் காத்திருக்காது. அந்தக் கோடை முழுக்க அவள் ஆஸ்கார்த்தில் புல் அறுத்தாள், அடுக்கினாள், இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து ஆடுகளை இறக்க எல்லோரோடும் போனாள். நோவாதூன் ஆடுகளையும் சேர்த்துத்தான் ஓட்டி வந்தாள். குளிர்காலத்தில் அப்பா பாட்டை ஆரம்பித்தால் ராட்டையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய், மாட்டின் சூட்டில் உட்கார்ந்து நூற்றாள். வசந்தத்தில், வேலைக்காரர்கள் வீடு மாறுகிற நாளில், பெட்டியையும் அரிவாளையும் குதிரையில் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டித் தெற்குக் குடாவுக்குக் கூலிக்காரியாகப் போய்விட்டாள். ஸ்டார்காத்தின் மகள் கூலிக்குப் போனாள் என்று பேசினார்கள். பேசட்டும், அவர்களுக்குத்தான் பேசத் தெரியுமே, பேச வேண்டிய இடத்தைத் தவிர.

அங்கே பேத்துர் என்ற தச்சனைக் கட்டிக்கொண்டாள். கரையில் ஒதுங்குகிற மரத்தை வைத்துப் பெட்டியும் வாளியும் செய்கிறவன், வழுக்கைத் தலை, பாடத் தெரியாது. பெயர் வேதாகமத்துப் பெயர், எந்தப் பாட்டிலும் வராது. அதனால்தான் கட்டிக்கொண்டாள் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். பிள்ளையைப் பற்றி இருவரும் நினைக்கவே இல்லாத வயதில் அவள் உண்டானாள்.

அப்போது ஹெல்கி வந்தான்.

வாசலில்தான் நின்றான். தண்ணீர் சொட்டச் சொட்ட, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. "இங்க தங்க இடம் உண்டா, சிக்ரூன்?" என்று கேட்டான். மரியாதையாகக் கேட்டான், ஊர் பேர் தெரியாத மாலுமிகள் கேட்பதுபோல் கேட்டான்.

அவன் வந்தது அவளுக்கு வலிக்கவில்லை. கேட்டதுதான் வலித்தது. தங்கையின் வீட்டில் கேட்காமல் நுழைந்தவன், பெண்டாட்டி வீட்டில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான். எந்த வீட்டில் குடியிருந்தான், எந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்துபோனான் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது.

"இல்ல," என்றாள்.

காலையில் அந்தக் குடாவின் மருத்துவச்சியைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அந்த அம்மாள் நடுங்கிப்போனாள். கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பினால் பிள்ளை என்ன ஆகும், இன்றைக்கே மனதை மாற்றிக்கொள், பெண்ணாகப் பிறந்தால் ஹெல்கா என்று வை என்று கெஞ்சினாள். சிக்ரூன் மாற்றிக்கொள்ளவில்லை. பயம் இல்லாமல் இல்லை. பெண் பிறந்தது, முதல் குளிர்காலம் முழுக்க அது மூச்சுவிடுகிறதா என்று அதன் நெஞ்சில் காதை வைத்து வைத்துப் பார்த்தாள். அப்படியிருந்தும் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை.

பெண்ணுக்குக் கரோலினா என்று பெயர் வைத்தாள். கோடையில் மாவும் காப்பிக்கொட்டையும் கொண்டுவந்த டேனிஷ் கப்பல் ஒன்றின் பெயர் அது. குடாவில் அப்படி ஒரு பெயர் அதற்கு முன் கிடையாது. ஞானஸ்நானம் முடிந்து காப்பி குடிக்கும்போது பேத்துரின் அக்கா, நல்ல மனுஷி, சண்டைக்கு இல்லாமல் ஆசையாகத்தான் கேட்டாள்.

"யாரும்மா இந்தக் கரோலினா? எந்தக் கதையில வர்றா?"

"எதுலயும் வரல," என்றாள் சிக்ரூன். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். "இனிமேதான் பாக்கணும்."